தோட்டத்துக் கொய்னாவும் மூட்டு வாதமும்

தமிழில் 'வாதம்' என்னும் சொல்லைப் போல் பல நோய்களைத் தன்னுள் அடக்கிக்கொண்ட சொல் வேறொன்றைக் காண்பது அரிது. உடல் ஒருபுறம் விழுந்துவிட்டால் பக்கவாதம். குழந்தையின் கால் சூம்பினால் இளம்பிள்ளைவாதம். முதியவர் கை நடுங்கினால் நடுக்குவாதம். மூட்டுகள் வீங்கி மடங்கிப் போனால் முடக்குவாதம். முதலாவது மூளையின் இரத்தக் குழாயைச் சார்ந்தது. இரண்டாவது நச்சுயிரியால் வருவது. மூன்றாவது மூளையின் ஒரு பகுதி நலிவதால் நேர்வது. நான்காவதோ, உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் அவ்வுடலின் மூட்டுகளையே பகையெனக் கருதித் தாக்குவதால் உண்டாவது. பெயரைத் தவிர இந்நான்குக்கும் வேறு உறவு இல்லை. ஆயினும் தோட்டத்து லயங்களில் இவை அனைத்தும் வாதம் என்ற ஒரே பெயரில் வழங்கின. ஒரே வகைத் தைலத்தைப் பெற்றன. தீராத நோய் என்ற ஒரே தீர்ப்பையும் பெற்றன.

நூல்களில் நிலைமை இவ்வாறில்லை. யூகி முனிவர் பெயரால் வழங்கும் வைத்திய சிந்தாமணி வாத நோய்களை 80 எனப் பகுக்கிறது. மூட்டுகளைப் பற்றும் நோய்க்குச் சித்த மருத்துவர் கீல்வாயு என்றே தனிப்பெயர் இட்டனர். கீல் என்பது பொருத்து. வடமொழியில் மாதவர் ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் இயற்றிய மாதவ நிதானம் என்னும் நூல் ஆமவாதத்துக்கென ஓர் இயலையே ஒதுக்கிற்று. மேலை நாட்டில் பாரிசு நகரத்து மருத்துவர் லாந்திரே-பொவே 1800ஆம் ஆண்டில் இத்தகைய நோயுற்ற பெண்களைப் பற்றி எழுதினார்; லண்டன் மருத்துவர் ஆல்பிரட் காரட் 1859இல் இந்நோய்க்கு இன்றுள்ள ஆங்கிலப் பெயரைச் சூட்டினார். நோய்களைப் பிரித்தறியும் முயற்சி எங்கும் இருந்தது. அப்பிரிவு நம் லயங்களை வந்தடையவில்லை என்பதே குறை.

இந்நோய் பால்மரத் தொழிலாளியை எப்படித் தாக்கிற்று என்பதைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். முடக்குவாதத்தின் தனி அடையாளம் காலை நேரத்து விறைப்பு. இரவு முழுதும் அசையாதிருந்த மூட்டுகளில் நீர் கோத்துக்கொள்கிறது; அழற்சியை உண்டாக்கும் பொருள்கள் விடியலுக்கு முன் இரத்தத்தில் மிகுகின்றன. கண் விழித்தவுடன் விரல்கள் மடங்கா. ஒரு மணி நேரமோ அதற்கு மேலுமோ கடந்த பின்னரே சிறிது இளகும். நடுவயதுக்குப் பின் முழங்கால் தேய்வதால் வரும் வலி இதற்கு மாறானது. அது நடந்து களைத்த மாலையில் மிகும், காலை விறைப்பும் சில நிமிடங்களில் நீங்கிவிடும்.

இனி, பால்மரத்தை எந்நேரத்தில் வெட்டுவார்கள்? வெயில் ஏறினால் மரத்தின் உள்ளழுத்தம் குறைந்து பால் ஓட்டம் தளர்ந்துவிடும். ஆகவே இருள் பிரியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, வெளிச்சம் வரும் வேளையில் நிரையில் நிற்க வேண்டும். கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் ஒட்டுப்பாலைப் பற்றி இழுத்து, உளியைச் சீராகப் பிடித்து, பட்டையில் மரத்தின் உயிர்த்தோலைத் தொடாமல் மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். ஒருநாளில் நூற்றுக்கணக்கான மரங்கள். நோய் தன் கொடுமையைக் காட்டும் நேரமும் தொழில் விரல்நுனித் திறனைக் கேட்கும் நேரமும் ஒன்றாகவே அமைந்தன. இந்நோய் ஆண்களைவிடப் பெண்களையே இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகப் பற்றுவது. பால்வெட்டில் பெண்கள் எத்தனை பேர் இருந்தனர் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. உளி நழுவி மரத்தில் காயம் பட்டால் அது கவனக்குறைவு என்றே கணக்கில் ஏறிற்று. விரல் மடங்காத பெண்ணைச் சோம்பேறி என்று ஏசிய குரல்களைச் சிறு வயதில் நானே கேட்டிருக்கிறேன். ஏசியவருள் அவள் வீட்டாரும் உண்டு.

தோட்ட மருத்துவம் இவளுக்கு என்ன செய்தது? இதை அறிய அம்மருத்துவம் எதற்காகப் பிறந்தது என்பதைப் பார்க்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாத் தோட்டங்களில் ஆட்கள் காய்ச்சலாலும் வயிற்றுக் கடுப்பாலும் மாண்டனர். கோலாலம்பூரில் 1900ஆம் ஆண்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. 1901இல் கிள்ளான் நகரில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்துக் காடு வெட்டி மலேரியாவை ஒடுக்கினார். இந்த வெற்றியைக் கண்டு மலையடிவாரத் தோட்டங்களிலும் காட்டை வெட்டியபோது காய்ச்சல் குறைவதற்கு மாறாகப் பெருகிற்று. காரணம் கொசுவின் இனம். கோலசிலாங்கூர் போன்ற கடலோரத் தாழ்நிலத்துக் கொசு நிழலையும் தேங்கிய நீரையும் நாடுவது. தித்திவங்சா மலைச்சாரலில் கெர்லிங், களும்பாங், தஞ்சோங் மாலிம் பக்கங்களில் உள்ள மாக்குலாத்தஸ் என்னும் கொசு வெயில் படும் தெளிந்த ஓடைகளில் முட்டையிடுவது. காடு நீங்கியதும் ஓடைகளில் வெயில் விழுந்தது. கொசுவுக்கு அது விருந்தாயிற்று. நிலத்தடிக் குழாய்களும் ஓடைகளில் எண்ணெய் தெளிப்பும் வரும்வரை இவ்வட்டாரத்து மக்களுக்குக் கொய்னாவே துணை.

கொய்னாவைத் தொழிலாளியிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. கசப்புத் தாங்காமல் துப்பிவிடுவார்கள் என்று நிர்வாகத்துக்குத் தெரியும். ஆகவே பெரட்டில் வரிசையாக நிறுத்தி, கண்ணெதிரே விழுங்கச் செய்து, பெயருக்கு நேரே குறியிட்டனர். விழுங்கினானா என்று பார்க்க ஒருவர், எழுத ஒருவர். அன்பினால் செய்த ஏற்பாடு என்று இதனைச் சொல்ல முடியாது. கப்பற்கூலி கொடுத்து வரவழைத்த ஆள் படுத்துவிட்டால் நட்டம் என்ற கணக்கே அடிப்படை. எனினும் ஏற்பாடு பயன் தந்தது.

மூட்டு நோய்க்கு இத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை. அது உடனே கொல்வதில்லை. ஆகவே இறப்புக் கணக்கில் அதற்கு இடமில்லை. பிறருக்குத் தொற்றுவதில்லை, ஆகவே அதிகாரிகளுக்கு அச்சமுமில்லை. ஆளை மெல்ல மெல்ல வேலைக்கு உதவாதவராக்குவதே அதன் இயல்பு. உதவாதவர் என முடிவு செய்யப்பட்டவருக்கு ஒரு வழி இருந்தது. 1907இல் தோட்ட முதலாளிகளிடம் வரி பிரித்து அமைக்கப்பட்ட குடியேற்ற நிதி ஆள் கொண்டுவருவதற்குச் செலவிட்டது போலவே, உடல் தளர்ந்தோரைத் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பவும் செலவிட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் விட்டு இறங்கியவருள் விரல் மடங்காதவர் எத்தனை பேர் என்று எவரும் எண்ணி வைக்கவில்லை. வரலாற்றில் எண்ணப்படாத நோயாளர் இவர்கள்.

வீட்டில் நடந்த பேணல் வேறு. நொச்சித் தழை போட்டுக் காய்ச்சிய நீரில் துணியை நனைத்து ஒற்றடம் கொடுத்தனர். முடக்கத்தான் கீரையை அரைத்துத் தோசை மாவில் கலந்தனர். பிண்டத் தைலம் ஊரிலிருந்து வந்தது. பின்னாளில் சிங்கப்பூரின் கோடாலித் தைலம் எல்லாத் தகர அலமாரிகளிலும் இடம் பிடித்தது. இவற்றை மூடநம்பிக்கை எனத் தள்ளுவது சரியன்று. வெந்நீரின் சூடு விறைத்த மூட்டை இளக்குகிறது என்பதை இன்றைய மருத்துவமும் ஒப்புகிறது. காலையில் வெதுவெதுப்பான நீரில் கைகளை அமிழ்த்தி விரல்களை மெல்ல விரித்து மடக்குமாறு மருத்துவமனைப் பயிற்சியாளரும் சொல்லித் தருகின்றனர். ஆனால் ஒற்றடம் வலியைத் தணிக்குமே அன்றி, உள்ளே எலும்பு அரிக்கப்படுவதைத் தடுக்காது. நோய் தொடங்கிய முதல் இரண்டு ஆண்டுகளிலேயே மூட்டின் அழிவு பெரிதும் நிகழ்ந்துவிடுகிறது. தைலத்தை மட்டும் நம்பிக் கழித்த அந்த இரண்டு ஆண்டுகளே ஒருவரின் கையைப் பறித்தன.

எலும்பைக் காக்கும் மருந்து எங்கிருந்து வந்தது என்று தேடினால் வியப்பான செய்தி கிடைக்கிறது. அதன் ஒரு வேர் பெரட்டுக் களத்திலேயே இருந்தது.

கொய்னா சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து வருவது. தென் அமெரிக்காவுக்குரிய அம்மரத்தை 1860களில் ஆங்கிலேயர் நம் நீலகிரியில் நட்டனர். நடுவட்டத்துச் சிங்கோனாத் தோட்டம் அவ்வாறு எழுந்ததே. பின்னர் செயற்கை மருந்துகள் வந்தன. ஜெர்மானியர் ஆக்கிய அட்டபிரின் என்ற மஞ்சள் மாத்திரையை 1930களில் கோலாலம்பூர் ஆராய்ச்சிக் கழகத்தார் மலாயாத் தோட்டங்களில் கொய்னாவோடு ஒப்பிட்டுச் சோதித்தனர். இரண்டாம் உலகப் போரில் ஜாவாத் தீவு ஜப்பானியர் கைக்குப் போனதால் நேச நாடுகளுக்குக் கொய்னா வரத்து நின்றது. வெப்ப நாடுகளில் போரிட்ட இலட்சக்கணக்கான வீரருக்கு அட்டபிரினே நாள்தோறும் கொடுக்கப்பட்டது. அவர்கள் தோல் மஞ்சள் பூத்தது. அவருள் முன்பே தோல் தடிப்பும் மூட்டு வீக்கமும் இருந்த சிலருக்கு, கொடுத்த காரணம் வேறாயினும், அத்துன்பம் குறைந்தது! லண்டனைச் சேர்ந்த டாக்டர் பேஜ் 1951இல் லூப்பஸ் நோயாளர் 18 பேருக்கு இதே மருந்தைக் கொடுத்துக் கண்ட பயனை வெளியிட்டார். அதன் இனத்தைச் சேர்ந்த, தீங்கு குறைந்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் 1950களின் நடுவில் வழக்குக்கு வந்தது. முடக்குவாதத்துக்கும் லூப்பசுக்கும் இன்றும் அதனைக் கொடுக்கின்றனர். நெடுநாள் உட்கொள்வோர் கண்ணின் விழித்திரையைக் காலந்தோறும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பது ஒன்றே அதில் மறக்கக் கூடாதது.

காய்ச்சலுக்காகத் தொழிலாளியின் வாயில் ஊற்றிய மருந்தின் வழித்தோன்றலே அவளுடைய விரல்களுக்கும் உரியதாயிருந்தது. அவளை அன்று ஆளும் வர்க்கத்தார் காய்ச்சல் கண்ணால் மட்டும் பார்த்தனர்.

இரண்டாவது வேர் சென்னையில் உள்ளது. அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் 1895இல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். காந்தியடிகளின் அறைகூவலை ஏற்றுக் கதராடையில் அறுவை வகுப்புக்குப் போனதால் ஆங்கிலப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதில் தாழ்ந்த சான்றிதழே பெற்றார். சகோதரர் இருவரை வெப்ப நாட்டு வயிற்றுப்போக்கு நோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் சில காலம் உடற்கூறு கற்பித்துவிட்டு, 1920களின் தொடக்கத்தில் அமெரிக்கா சென்று ஹார்வர்டில் இரவு வேலை பார்த்துப் படித்தார். 1940 முதல் லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தை நடத்தினார். இரத்தச் சோகைக்குரிய போலிக் அமிலத்தை 1945இல் அங்கே செயற்கையாக ஆக்கினர். அச்சத்தின் இருப்பை முதலில் உணர்த்தியவர் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர். 1920களின் இறுதியில் பம்பாய் ஆலைத் தொழிலாளப் பெண்களின் கருக்காலச் சோகையை ஆராய்ந்து, மார்மைட் தந்தால் அது தீர்வதைக் கண்டார். கூலிப்பெண்களின் வெளிறிய கண்ணிமையிலிருந்து தொடங்கிய கதை இது.

போலிக் அமிலத்தின் வடிவத்தைச் சற்றே மாற்றினால் அதற்கு எதிரான பொருள் கிடைக்கும். அது விரைந்து பெருகும் உயிரணுக்களைத் தடுக்கும். சுப்பாராவின் கூடத்தில் 1947இல் இவ்வாறு அமினோப்டெரின் உருவாயிற்று. அதனைக்கொண்டு பாஸ்டன் மருத்துவர் சிட்னி பார்பர் 1948இல் இரத்தப் புற்றுநோயால் வாடிய குழந்தைகளுக்குத் தற்காலிக நலம் தந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார், வயது 53. அமினோப்டெரினின் தங்கையாகிய மெத்தோடிரெக்சேட் பின்னால் நிலைபெற்றது. 1951இல் நியூயார்க் மருத்துவர் குப்னர் குழுவினர் அமினோப்டெரினை முடக்குவாத நோயாளருக்குக் கொடுத்து நலம் கண்டனர். ஆனால் அதை எவரும் பொருட்படுத்தவில்லை.

ஏனெனில் உலகம் அப்போது வேறொரு மருந்தில் மயங்கியிருந்தது. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் பிலிப் ஹெஞ்ச், படுக்கையை விட்டு எழ முடியாத ஓர் இளம்பெண்ணுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாள்களில் அவர் நடந்தார். 1950இல் ஹெஞ்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவரும் நோபல் பரிசு பெற்றனர். பரிசு கிடைத்த வேளையிலேயே தீங்குகளும் தெரியலாயின: முகம் உப்புதல், எலும்பு மெலிதல், சர்க்கரை ஏறுதல், திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. இன்று மருத்துவர் அதனைச் சிறிய அளவில், குறுகிய காலத்துக்கே தருகின்றனர். ஆனால் சந்தையில் மூலிகை என்று பெயரிட்டுப் பதிவின்றி விற்கப்படும் சில வலிநீக்கிகளில் டெக்சாமெத்தசோன் என்னும் இவ்வகைப் பொருள் கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது என்று ஒருவர் ஒரு மாத்திரையைப் புகழ்ந்தால், அந்த விரைவே ஐயத்துக்குரியது.

மெத்தோடிரெக்சேட் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது. 1980களில் முறையான சோதனைகள் நடந்தன. 1988இல் அமெரிக்க அரசு அதனை முடக்குவாதத்துக்கு ஒப்பியது. இன்று உலகெங்கும் மருத்துவர் முதலில் கையிலெடுக்கும் மருந்து இதுவே. விலை மலிவு. இதனோடு போலிக் அமில மாத்திரையும் கொடுப்பார்கள். வாய்ப்புண்ணும் குமட்டலும் வராமல் அது காக்கிறது. ஒரே ஆய்வுக்கூடத்தின் மருந்தும் அதன் மாற்றும் ஒரே பொட்டலத்தில் நோயாளியின் கைக்கு வருகின்றன! சுப்பாராவின் பெயரை நம் பிள்ளைகளின் அறிவியல் நூல்களில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இங்கேதான் பேணுவோரின் கடமை கடினமாகிறது. இம்மாத்திரை வாரத்துக்கு ஒருநாள் மட்டுமே உட்கொள்ள வேண்டியது. மருந்தென்றால் நாள்தோறும் என்ற பழக்கத்தால் தினமும் விழுங்கி எலும்புச் சோறு நலிந்து உயிரிழந்தோர் பல நாடுகளில் உண்டு. ஈரலையும் இரத்த அணுக்களையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். கருவுற்ற பெண்ணுக்கும் கருவுற எண்ணும் பெண்ணுக்கும் இது ஆகாது. பயன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதற்குள் பொறுமையிழந்து நிறுத்துவோரே மிகுதி. ஆக, நாளைக் குறித்து வைக்கவும், விழுங்கியதைப் பார்க்கவும், அடுத்த தவணைக்கு அழைத்துப் போகவும் ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் முன்பு தோட்டத்தில் இருந்தார்; அவர் பெயர் டிரசர். 1965ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட மருத்துவ உதவியாளரைப் பதிவு செய்து முறைப்படுத்திற்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, பின் வடசிலாங்கூரில் பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தபோது, மருந்தகக் கட்டடங்களோடு அவரும் மறைந்தார். அவர் காலத்தில் மூட்டு நோய்க்கு மருந்து இல்லை. மருந்து வந்தபோது அவர் இல்லை. இன்று கெர்லிங் பக்கத்து நோயாளி முதலில் கோல குபு பாரு மருத்துவமனைக்குப் போகிறார். அங்கிருந்து, வாத நோய்க்கெனத் தனி மருத்துவர்கள் உள்ள செலாயாங் மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார். மகன் விடுப்பு எடுத்தால்தான் தாய் போக முடியும். நான் அறிந்த ஒரு வீட்டில் பத்து வயதுப் பேத்தி நாட்காட்டியில் வெள்ளிக்கிழமை தோறும் பச்சைப் பென்சிலால் வட்டமிட்டு, பாட்டிக்கு மாத்திரை கொடுத்ததும் வட்டத்தை நிரப்புகிறாள். பெரட்டுக் களத்துக் கிராணியின் குறியைவிட இது துல்லியமான பதிவு.

பெரியவர்களைப் பேசிக்கொண்டே போனதில் பிள்ளைகளுக்குரிய வாத நோயைச் சொல்லாமல் விடலாகாது. வாதக் காய்ச்சல் என்பது ஐந்து முதல் பதினைந்து வயதுக்குள் வருவது. தொண்டையில் ஸ்டிரெப்டோகாக்கஸ் கிருமி புகுந்து புண்ணாகி ஆறிய இரண்டு மூன்று வாரங்களில் முழங்கால் வீங்கும். அது வற்றியதும் கணுக்கால், பின்னர் முழங்கை என்று வலி இடம் மாறும். 1876இல் தண்டீ நகரத்து மெக்லாகன் வில்லோ மரப்பட்டைச் சத்தால் இவ்வலியைத் தணித்தார். 1899இல் ஆஸ்பிரின் வந்தது. மூட்டு வீக்கம் தழும்பின்றி மறையும். மறையாதது இதயத்தில் நிகழும் கேடு. அடைப்பிதழ் தடித்துச் சுருங்கி, இருபது வயதில் மூச்சிரைப்பாக வெளிப்படும். ஓரறையில் பலர் உறங்கும் வீடுகளில் இக்கிருமி எளிதில் பரவுவது. லய வாழ்க்கையை அறிந்தவர்க்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. இந்நோயை நெடுங்காலம் ஆராய்ந்த டாக்டர் பத்மாவதி 1917இல் பர்மாவில் பிறந்து, இரங்கூனில் மருத்துவம் பயின்று, 1942இல் போருக்குத் தப்பிக் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தவர்; டில்லியில் இதய மருத்துவத்தை வளர்த்து 2020இல் 103ஆம் வயதில் மறைந்தார்.

தொண்டைப் புண்ணைப் பெனிசிலின் கொண்டு முழுத் தவணையும் தீர்த்தால் வாதக் காய்ச்சல் வராது. ஒருமுறை வந்துவிட்ட பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கொரு முறை நீடித்து நிற்கும் பெனிசிலின் ஊசி, பல ஆண்டுகளுக்கு இடைவிடாது போட வேண்டும். 1950களில் ஏற்பட்ட இம்முறையே இன்றும் வழக்கு. ஊசி வலிக்கும். பிள்ளை நலமாக ஓடி விளையாடும்போது எதற்கு ஊசி என்று வீட்டார் நிறுத்திவிடுவார்கள். ஆகவே அத்தகைய மாணவனுக்கு ஊசித் தேதியை வகுப்பாசிரியரும் வைத்திருப்பது நல்லது. அன்றைய நாளில் பிள்ளை பள்ளிக்கு வந்திருந்தால், ஏன் வந்தாய் என்று கேட்டு வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டும்.